மாசாணியம்மாள் கேட்ட ஓட்டை

மாசாணியம்மாளிடம் யாரும் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. அதுதான் அவளைப் பிடித்த வினை.

சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. எண்பது பேருக்கு மூன்று வேளைச் சமையல். அந்தச் சமையலறையில் அவள் ஆறு வருடமாக அடுப்பின் முன்னால் நிற்கிறாள். காய் நறுக்கச் சேர்ந்தவள், இரண்டாம் வருடமே கரண்டியைக் கையில் வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை அவள் வைக்கும் அரிசிம்பருப்புச் சோற்றுக்காக வெளியில் சாப்பிடப் போகாமல் இருக்கிற பெண்கள் உண்டு. பிறந்தது ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்பில் கூலி வேலை செய்த வீட்டில். கட்டிக்கொடுத்தது சிங்காநல்லூரில். கணவர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் ஒரு குடியிருப்பில் காவல் வேலைக்குப் போகிறார். ஒரே மகள் இளவேனில் பார்மசி படிக்கிறாள்.

அவள் கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சமையலறைப் புகையும் ஆவியும் வெளியே போக ஒரு வழி வேண்டும் என்றுதான் கேட்டாள். அதை மூன்று வருடம் கேட்டாள்.

விடுதியின் சொந்தக்காரர் ஆறுச்சாமி. சூலூரில் தறிக்கூடம் வைத்திருப்பவர். இரண்டு நாளைக்கு ஒருமுறை விடுதிக்கு வருவார். வேலைக்காரர்களை ஒரு சுடுசொல் சொல்ல மாட்டார். தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருவார். அவரிடம் போய், "ஏனுங்ண்ணா, உள்ள நிக்க முடியலீங்க, கண்ணெல்லாம் எரியுது, மூச்சு அடைக்குது" என்றால், முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை கேட்பார். கேட்டுவிட்டு, "ஆகட்டும் அம்மணி, பண்ணிப்போடலாம்" என்பார். அதோடு சரி. மறுபடி போய்ச் சொன்னால் மறுபடி அதே பதில் அதே பதமாக வரும். முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். வாய் நிறைய அம்மணி என்று கூப்பிடுகிறவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

முன்பு அந்தச் சமையலறை அப்படி இருக்கவில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கிழக்குச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க லட்சணமாக இருக்காது, எலி வரும், புறா வரும். ஆனாலும் மிளகாய் வறுத்தால் நெடி அரை நிமிடத்தில் போய்விடும். போய் எங்கே சேர்ந்தது என்பதுதான் சிக்கல். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றடிச் சந்து. சந்தைத் தாண்டினால் நாச்சியம்மாள் என்கிற பெரியம்மாவின் வீடு. அவர் வந்து, "கொள்ளுக்குத் தாளிக்கற நெடியில என்ற ஊட்ல ஒருத்தரும் இருக்க முடியலீங்க" என்று ஆறுச்சாமியிடம் முறையிட்டார். ஆறுச்சாமி அவருக்கும் ஆகட்டும் என்றார். அதிசயமாக, அதை மட்டும் செய்தார்.

மூன்று வருடத்துக்கு முன் சமையலறையைப் புதுப்பித்தபோது எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கூரைக்குத் தகர ஷீட் போட்டு, இடைவெளியைச் சிமெண்ட் பூசி மூடினார்கள். தகரச் சூடு இறங்காமல் இருக்க, ஷீட்டுக்கு ஒன்றரை அடி கீழே வெள்ளை வெளேரென்று பி.வி.சி. சீலிங் அடித்தார்கள். கிழக்கே ஒரு கண்ணாடி ஜன்னல், அதையும் நாச்சியம்மாளுக்காகத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்; பளபளக்கும் டைல்ஸ். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. முதல்நாள் பூரி சுட்டபோதே மாசாணியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த அறைக்கு மூக்கும் இல்லை வாயும் இல்லை என்று.

அவள் ஒரு வாரம் சொன்ன பிறகு ஆறுச்சாமி ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனிக் கூரைகளின் மேல் வெள்ளி உருண்டை ஒன்று தானாகச் சுற்றிக்கொண்டிருக்குமே, கரண்டு இல்லாமல், காற்றிலும் உள்ளே இருக்கிற சூட்டிலும் சுழன்று உள்காற்றை மேலே இழுத்து விடுவது; டர்போ வென்டிலேட்டர் என்பார்கள். அதில் ஒன்றை வாங்கிச் சமையலறைக் கூரையில் மாட்டச் செய்தார்.

"என்ற தறிக்கூடத்துல நாலு ஓடுது அம்மணி. உள்ள ஏசி மாதிரி இருக்கும். நெடியெல்லாம் மேல போயிரும், நாச்சியம்மா ஊட்டுக்கும் தொந்தரவு இல்ல. இனி நீ குறை சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் பலித்தது. அதற்குப் பிறகு அவள் குறை சொல்லவே முடியாமல் போயிற்று. புகை அடைகிறது என்று எப்போது சொன்னாலும் ஆறுச்சாமி முற்றத்துக்குக் கூட்டிப்போய் மேலே கை காட்டுவார். உருண்டை சுற்றிக்கொண்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றும். "அதா, அது பாட்டுக்கு ஓடுதல்ல? இதுக்கு மேல என்ன பண்ணோணுங்கற?" என்பார். அவளும் அண்ணாந்து பார்ப்பாள். சுற்றத்தான் செய்கிறது. திரும்ப உள்ளே வந்தால் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழியும். சீலிங்கில் மஞ்சள் பிசுக்கு படர்ந்திருக்கும். தாளிக்கும்போது தொண்டையில் முள் குத்தும்.

கூட வேலை செய்த சின்னாத்தாள், அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள், இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். "வயசாகுதல்ல மாசாணி. உடம்பு தாங்க மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் பண்ணலயே." சொல்லிவிட்டு இருமுவாள்.

இரண்டாம் வருடம் இருமல் மாசாணியம்மாளோடு வீட்டுக்கும் வரத் தொடங்கியது. படி ஏறினால் நெஞ்சில் விசில் அடித்தது. இளவேனில் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, இழுக்கிற மருந்து எழுதினார். "என்ன வேலைங்கம்மா?" என்று கேட்டார். சொன்னாள். "அங்க காத்தோட்டம் எப்படி?" என்றார்.

"கூரையில ஒண்ணு சுத்துதுங்க" என்றாள் மாசாணியம்மாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆறுச்சாமியின் பதிலை அவளே தன் வாயால் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் வருடம் ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அடுப்பு பற்றவைக்கும் முன் மாசாணியம்மன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவது அவள் வழக்கம். அன்று கொளுத்திவிட்டு, நெஞ்சடைப்பில் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். ஊதுபத்திப் புகை நேராக மேலே போனது. சீலிங்கைத் தொட்டது. தொட்டு, தரையில் கொட்டிய தண்ணீர் போலப் பரவி, சுவரோரமாக வந்து, மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. வெளியே உருண்டை சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினாள். உருண்டைக்கு நேர் கீழே இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். வெளியே நின்று அத்தனை முறை அண்ணாந்து பார்த்தவளாயிற்றே. அந்த இடத்தில் பத்தியைப் பிடித்தாள். மேலே இழுக்க வேண்டிய புகை, அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. கரண்டிக் காம்பால் சீலிங்கைத் தட்டினாள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல டொக்கென்று சத்தம் கேட்டது. பலகைகள் சேரும் இடுக்கில் காம்பை விட்டு நெம்பினாள். ஒரு பலகை ஓரம் பெயர்ந்து தொங்கியது.

உள்ளே பகல் வெளிச்சம் தெரிந்தது. ஷீட்டில் வட்டமாக வெட்டிய ஓட்டைக்கு மேல் அந்த உருண்டை ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் கிடந்த ஒன்றரை அடிக் காற்றை அது மூன்று வருடமாக ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் தகரக் கழுத்து கடையில் வாங்கினபடி பளபளவென்று இருந்தது. மூன்று வருடத் தாளிப்பில் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்குகூட அதில் ஏறியிருக்கவில்லை.

மாசாணியம்மாள் ஸ்டூலிலிருந்து இறங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு இட்லி முக்கால் மணி நேரம் தாமதம்.

ஆறுச்சாமி வந்ததும் கூட்டிவந்து காட்டினாள். அவர் நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். "அட, ஆமா" என்றார். பிறகு யோசித்து, "உருண்டை மாட்டுன ஆளு அன்னைக்கே போன்ல சொன்னாப்ல. உள்ள சீலிங்கையும் வெட்டோணும், அது என்ற வேலை இல்லீங்கன்னு. நானும் சேரின்னேன். பொறவு மறந்துபோட்டேன் போல இருக்குது" என்றார். மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மூணு வருசங்ண்ணா" என்றாள் அவள்.

"சீலிங் ஆளை வரச் சொல்றேன் அம்மணி. நாளைக்கே வந்துருவான். அதுவரைக்கும் அந்தப் பலகையை ஏத்தி மாட்டி வெச்சுரு."

நாளை வந்தது, சீலிங் ஆள் வரவில்லை. ஆடி போய் ஆவணி பிறந்தது. நாலு முறை நினைவுபடுத்தினாள். "வாரேன்னு சொல்லியிருக்கான்" என்று நாலு முறையும் பதில் வந்தது. முன்பாவது காரணம் தெரியாமல் மூச்சு முட்டினாள். இப்போது தலைக்கு மேல் ஒரு பலகைதான் குறுக்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே முட்டினாள். தெரியாமல் இருந்ததே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை கொள்ளுக்கு மிளகாய் வறுக்கும்போது இருமல் பிடித்தது. நிற்கவே இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பேச்சு வராமல் நின்றாள். மருந்தை இழுத்துத் தெளிந்ததும் அடுப்புகளை அணைத்தாள். பாத்திரங்களை எல்லாம் மூடினாள். தரையில் செய்தித்தாள் விரித்தாள். எலக்ட்ரீசியன் எப்போதோ விட்டுப்போயிருந்த இரும்பறுக்கும் ஆக்சா பிளேடைப் பழந்துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். பெரிய தாம்பாளத்தைச் சீலிங்கில் வைத்துக் கரித்துண்டால் வட்டம் போட்டுக்கொண்டு அறுக்கத் தொடங்கினாள்.

"புள்ள, ஓனரு என்ன சொல்லுவாரோ" என்றாள் சின்னாத்தாள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே.

"ஆகட்டும்னு சொல்லுவாரு. நீ ஸ்டூலை நல்லாப் புடிக்கா."

வட்டம் விழுந்தது. அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினாள். சாம்பாரிலிருந்து எழுந்த ஆவி கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு சாய்ந்து, நூல் பிடித்தாற்போல் அந்த ஓட்டையைப் பார்த்துப் போனது. இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நிம்மதி ஒரு பொழுதுகூட முழுதாக நிற்கவில்லை. மறுநாள் காலை சமையலறையில் சாக்கடை நாற்றம். பரிமாறும் ஜன்னலைத் திறந்ததும் அது சாப்பாட்டுக் கூடத்துக்கும் போய்விட்டது. பூரியை வைத்த தட்டோடு பெண்கள் எழுந்து போனார்கள். விடுதியின் வாட்ஸப் குழுவில் படங்களோடு புகார் நிறைந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகத்தான் நாற்றம் வந்தது. அத்தனை வருடமாக அந்த ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது. ஒருநாளும் இப்படி நாறியதில்லை.

ஆறுச்சாமி வந்தார். சீலிங்கில் கோணல்மாணலாக இருந்த வட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பனே அம்மணி. இப்படி அறுத்துப்போட்டயே. இப்பப் பாரு, நாத்தம்."

மாசாணியம்மாளுக்குள் எதுவோ அறுந்தது. "ஒரு வார்த்தைங்களா? மூணு வருசமா நான் வேறென்னங்ண்ணா பேசுனேன்? நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னனே, அது வார்த்தை இல்லீங்களா? டாக்டர் சீட்டைக் காட்டுனனே, அது உங்க கண்ணுல படலீங்களா?" அவள் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. முடிக்குமுன் இருமல் வந்து மீதியை விழுங்கிவிட்டது.

ஆறுச்சாமி சட்டைப்பைக்குள் கையை விட்டார். போனை எடுத்தார். அத்தனை நாளாக வராத சீலிங் ஆள் ஒரே மணி நேரத்தில் வந்தான். அறுத்த வட்டத்தை எடுத்து ஓட்டையில் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்துவிட்டுப் போனான்.

அவள் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. இளவேனில், "விட்டுத் தொலைம்மா, வேற எடம் பாத்துக்கலாம்" என்றாள். மாசாணியம்மாளும் அதைத்தான் நினைத்திருந்தாள். நினைத்தபடி விடவும் முடியவில்லை. நாற்றம் ஏன் வந்தது என்கிற கேள்வி கால் விரலில் குத்திய முள்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் விடுதிப் பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். பெயர் ஆஃப்ரின். பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. "நீங்க வராம அங்க சாப்பிட முடியலக்கா. சின்னாத்தாக்கா மிளகா வறுத்தாங்க, மாடி வரைக்கும் எல்லாரும் இருமுறோம்" என்றாள். மாசாணியம்மாள் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பேச்சு ஓட்டைக்குத்தான் போனது.

"நீங்க அறுத்தது சரிதாங்கா. தப்பு அதுல இல்ல. உருண்டை உள்ள இருக்கற காத்தை இழுத்து வெளிய விடுது. போன காத்துக்குப் பதிலா வேற காத்து உள்ள வரணுமில்ல? ஜன்னல் மூடியிருக்கு, கதவு மூடியிருக்கு. தொறந்திருந்தது அந்தச் சாக்கடை ஓட்டை ஒண்ணுதான். அது வழியா இழுத்துருக்கு. எங்க கம்பெனி பம்ப்பும் இப்படித்தான். தண்ணி வர்ற பக்கம் அடைச்சுட்டா, எங்க சின்னக் கசிவு இருக்கோ அங்கிருந்து இழுக்கும்."

மாசாணியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப மேல மட்டும் ஓட்டை போட்டாப் பத்தாது. கீழயும் போடோணும்."

"ஆமாங்கா. கீழ, நல்ல காத்து இருக்கற பக்கமாப் பாத்து."

நல்ல காற்று இருக்கிற பக்கம் எது என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தெற்கே குளியலறைகள். மேற்கே சாப்பாட்டுக் கூடம். வடக்கே மாடிப்படி. மிச்சம் இருப்பது கிழக்குச் சுவர், நாச்சியம்மாள் வீட்டுச் சந்து. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நாலாம் நாள் ஆறுச்சாமியே வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. "கோவமா அம்மணி?" என்றார். அவள் கோபம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீலிங் ஓட்டையைத் திறக்க வேண்டும், கழுவுமிடத்து ஓட்டைக்கு மூடி போட வேண்டும், கிழக்குச் சுவரில் தரையோரமாக எட்டு ஜாலிக் கல் பதிக்க வேண்டும் என்றாள். ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தச் சிமெண்ட் ஜாலி.

"மத்ததெல்லாம் பண்ணிப்போடலாம். கிழக்குச் சுவருன்னா அந்தம்மா ஒத்துக்கோணுமே" என்றார் அவர். "நீயே ஒருக்கா பேசிப் பாரேன்."

தன் சுவரில் ஓட்டை போடத் தன் சமையல்காரியைத் தூது அனுப்புகிறார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. மாசாணியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

நாச்சியம்மாள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். "பாவமாத்தான் இருக்குது அம்மணி. ஆனாப் பாரு, ஓட்டைன்னா நெடி வருமல்ல" என்றார்.

"இது நெடி வெளிய வர்ற ஓட்டை இல்லீங்கம்மா. காத்து உள்ள போற ஓட்டை. நெடி மேல, உருண்டை வழியா போயிரும்."

"ஓட்டைக்குத் தெரியுமா அம்மணி, எது உள்ள போறது எது வெளிய வாறதுன்னு?"

இதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது. சமையலறைக்குப் போய், சின்னாத்தாளிடம் சொல்லி டேப்பைக் கிழித்துச் சீலிங் வட்டத்தை எடுக்கவைத்தாள். கழுவுமிடத்து ஓட்டையில் ஈரச்சாக்கைத் திணித்தாள். அடுப்பு இரண்டையும் எரியவிட்டு, கிழக்கு ஜன்னலைக் கீழே நாலு விரல் அளவுக்குத் திறந்துவைத்தாள். பெரியம்மாவைச் சந்துக்குக் கூட்டிவந்து, ஜன்னலுக்கு வெளியே ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை இழை அசையாமல் நின்றது. சட்டென்று வளைந்து ஜன்னலுக்குள் நுழைந்து காணாமல் போனது. மறுபடி பிடித்தாள். மறுபடியும் உள்ளேதான் போனது.

நாச்சியம்மாள் குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். "இன்னைக்கு உள்ள போகுது" என்றார். "நாளைக்கு வெளிய வந்தா?"

மாசாணியம்மாள் ஊதுபத்தியைச் சுவரில் தேய்த்து அணைத்தாள். அவளுக்கும் பதமாகப் பேசத் தெரியும். அந்த ஊரில் இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவள். "சேரிங்கம்மா, உங்களைத் தொந்தரவு பண்ணலீங்க. ஆனா ஒண்ணுங்க. மேல நெடி போக வழி இல்லைன்னா, மிளகா வறுக்கறப்ப இந்த ஜன்னலை முழுசாத் தொறந்துவெச்சாத்தான் நாங்க உசுரோட நிக்க முடியும். தினமும் பத்து மணிக்கு வறுப்போமுங்க. அப்ப மட்டும் சித்தெ உங்க ஜன்னலைச் சாத்திக்கோங்க, கோவிச்சுக்காதீங்க."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டு வேண்டாம்" என்றார் நாச்சியம்மாள். "நாலு வெச்சுக்கோங்க. என்ற பூசை ரூமுக்கு எதிர்க்க வேண்டாம். தள்ளி வைங்க."

அவள் வேலைக்குத் திரும்பினாள். புரட்டாசியில் கழுவுமிடத்து ஓட்டைக்கு மூடி போட்டு, நாலு ஜாலிக் கல் பதித்தார்கள். எட்டு கேட்டால் நாலு. இருந்தாலும் அன்று மதியம் தாளித்தபோது நெடி நெஞ்சுக்கு வரும் முன்னே மேலே ஏறியது. கணுக்காலில் குளிர்ந்த காற்று பட்டது. சமையலறைக்குள் காலில் காற்றுபட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இருமல் ஓடிப்போய்விடவில்லை, டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. மதியத்துக்குப் பிறகும் பேச்சுக்குக் குரல் மிஞ்சியது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆறுச்சாமி தன் உறவினர்கள் இரண்டு பேரைச் சமையலறைக்குக் கூட்டிவந்தார். அவர்களும் விடுதி கட்டப்போகிறார்களாம். "மேல உருண்டை வெச்சா மட்டும் போதாதுங்க. கீழயும் காத்து வர வழி வேணும். நெம்பப் பேரு இதைக் கோட்டை உட்டுருவாங்க. நாம யோசிச்சுப் பண்ணுனமுங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாசாணியம்மாள் அவர்கள் பக்கம் திரும்பாமல், வெங்காயத்தை வதக்கினாள். சின்னாத்தாள் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

ஐப்பசி பிறந்தது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. ஒருநாள் காலை அவள் உள்ளே வந்தால் அறையில் பழைய புழுக்கம். குனிந்து பார்த்தாள். நாலு ஜாலியிலும் அரிசிச் சாக்கை அழுத்தி அடைத்திருந்தது.

"நாந்தான் அடைச்சேன்" என்றாள் சின்னாத்தாள். "காத்து குபுகுபுன்னு வருது. அடுப்பு நிக்கமாட்டேங்குது, தீ அக்கட்டால சாயுது. இட்லி எப்ப வேகறது?"

"அக்கா, இதுக்காக நான் எத்தனை பேர்கிட்டத் தொங்குனேன்னு உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியும். அதுக்குத் தீ எரிய வேண்டாமா?"

சின்னாத்தாள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் மாசாணியம்மாளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் சாக்கைப் பிடுங்கினாள், தீ சாய்ந்தது. சாக்கை வைத்தாள், மூச்சு அடைத்தது. இப்படியே நாலு நாள், ஒருத்தி அடைப்பதும் ஒருத்தி பிடுங்குவதுமாகப் போனது. அடுப்பை மேற்கே நாலடி தள்ளிப்போட்டால் காற்று இத்தனை வேகமாகப் படாது. ஆனால் அந்த அடுப்பு இரும்புச் சட்டத்தோடு நூற்றைம்பது கிலோ இருக்கும்; கேஸ் குழாயும் நீள வேண்டும். ஆறுச்சாமியிடம் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பலகாரம் முடிந்ததும், அவள் கேஸ் கடைக்காரரை நீளமான குழாயோடு தன் பொறுப்பில் வரச் சொன்னாள். அவர் சிலிண்டரை மூடி, குழாயைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். விடுமுறைக்குத் தூங்கிக்கொண்டிருந்த ஆஃப்ரினையும் மாடியிலிருந்து வேறு ஐந்து பெண்களையும் எழுப்பிக் கூட்டிவந்தாள். நைட்டியும் கலைந்த தலையுமாக அவர்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். சின்னாத்தாள் சட்டத்தின் கால்களுக்கு அடியில் நனைத்த சாக்கைத் திணித்தாள், டைல்ஸில் வழுக்கட்டும் என்று. ஜாலியை அடைத்த அதே சாக்குகள்தான்.

"நான் சொல்றப்பத் தள்ளுங்க கண்ணு. இடுப்புப் புடிச்சுக்காமப் பாத்துக்கோங்க" என்றாள் மாசாணியம்மாள்.

மூன்று தடவை தள்ளியும் அசையவில்லை. நாலாவதில் கிறீச்சென்று ஓரடி நகர்ந்தது. இன்னும் மூன்றடி இருந்தது. அவள் நின்று, மூச்சை இழுத்து விட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மறுபடியும் சட்டத்தில் தோளைக் கொடுத்தாள்.